மஞ்சள் சட்டைக்காரர்

இந்த ஸ்டுடியோவில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. அவருக்கு உள்ளே பனியன் போட்டுவிட்டிருக்க வேண்டும், மறந்துபோனேன். மறப்பதற்கு வீட்டில் ஒருத்தர் போதாதா, நானும் கூடச் சேர்ந்துகொண்டால் குடும்பம் உருப்பட்டுவிடும். அதோ, விளக்குகளுக்கு நடுவே சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர் செல்வின்தாஸ். அந்தக் காலத்தில் உட்கார்ந்த மாதிரியே. கன்னத்தில் பவுடர், புருவத்தில் மை, கழுத்துப் பட்டைக்குள் மைக். எதிரே தாரிணி என்ற பெண், இந்தச் சேனலில் நிகழ்ச்சி நடத்துகிறவள், எங்கள் நிகழ்ச்சி ஆரம்பித்தபோது தொட்டிலில் கிடந்திருப்பாள். என்னை மானிட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, போனை அணைத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். ‘வண்டி வாகனம்’ ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆகிறதாம், அதற்குச் சிறப்பு நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாட்டில் கார் இல்லாத வீட்டிலெல்லாம் கார் ஓடவைத்தவர் என்று அவரை அறிமுகப்படுத்துகிறாள். யாரோ எழுதிக் கொடுத்தது, ஆனால் பொய்யில்லை. அவர் சிரிக்கிறார். பேச வேண்டிய இடத்தில் பேசுகிறார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார். இன்று காலை தன் மகள் பெயர் தெரியாமல் போனில் திணறிய மனிதர் இவர்தான் என்று சொன்னால் இங்கே ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நானே நம்பவில்லை. ஒருவேளை டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ, மூளை சுருங்குகிறது என்று படத்தைக் காட்டினாரே, அது வேறு யாருடைய படமோ. இப்படித்தான் ஆசை நம்மை இழுத்துக்கொண்டு போகும். பேட்டியில் பயமில்லை. பேட்டி முடிந்த பிறகுதான்.

பேட்டி முடிந்ததும் எல்லாரும் வெளியே போக வேண்டும். வெளியே கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பழைய பத்மினி கார் நிற்கிறது, வெண்ணெய் நிறம், நாங்கள் முதல் வருடம் ஊர் ஊராகப் போன அதே நிறம், எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேக்கப் போடும்போதுதான் தாரிணி சொன்னாள், கடைசியில சார் ஒரே ஒரு ரவுண்டு ஓட்டணும், நான் பக்கத்துல உட்கார்ந்துக்குவேன் என்று. இவர் சும்மா இருக்கக் கூடாதா, ஒரு ரவுண்டு என்ன, மாமல்லபுரம் வரைக்கும் போய்ட்டு வருவோம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. இன்று இங்கே வரும்போதுகூட நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் இறங்கியவர், யார் சார் ஓட்டிட்டு வந்தது என்று கேட்ட பையனிடம், வேற யாரு, நான்தான் என்றார். பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நினைக்கிறார். போன வாரம் நான் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து கிளப்பிவிட்டார். கியரில் கிடந்த வண்டி, ஒரு துள்ளு துள்ளி எதிர்வீட்டுச் சுவரில் போய் முட்டியது. நல்லவேளை, தினமும் அந்தச் சுவரோரம் கோலம் போடுகிற அந்த வீட்டு மருமகள் அன்று ஊருக்குப் போயிருந்தாள். அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், அவள் ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால், குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்திருந்தால். வெளியே பத்மினியைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள், ஒயர் பிடிக்கிறவன், விளக்குப் பிடிக்கிறவன், சும்மா வேடிக்கை பார்க்கிறவன். தடுக்க வேண்டும். தடுக்க இரண்டே வழிதான், அவருக்குப் புத்தி பிசகுகிறது என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவருக்கு எந்தக் காலத்திலும் கார் ஓட்டவே தெரியாது என்று சொல்ல வேண்டும். இரண்டும் உண்மை. இரண்டையும் அவர் காதுபடத்தான் சொல்லியாக வேண்டும்.

மானிட்டரில் பழைய படம் ஓடுகிறது. கொல்லிமலை. நிறமெல்லாம் வெளுத்துப்போய், ஓரத்தில் கோடு கோடாக. வளைவில் பத்மினி ஏறி வருகிறது, மஞ்சள் சட்டை, தொப்பி, ஜன்னலில் ஒரு முழங்கை. இங்கே இருக்கிற பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்த முழங்கை என்னுடையது. எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, மழைத் தூறலில் மேலேயிருந்து பஸ் இறங்குகிறது, நான் ஒதுங்க இடமில்லை, கிளட்சில் கால் நடுங்குகிறது, ஆனாலும் முழங்கையை உள்ளே இழுக்கவில்லை, இழுத்தால் மறுபடியும் கீழேயிருந்து எடுக்க வேண்டும், பிலிம் மாதிரி டேப்பும் காசுதான் என்று கேமராமேன் பரந்தாமன் திட்டுவார். என் கை இப்போதும் மடியில் மடங்குகிறது, கியர் மாற்றப் போகிற மாதிரி. எங்கள் அப்பா நாகர்கோவிலில் மிஷன் ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டினவர், ஆஸ்பத்திரி மைதானத்தில் எனக்குப் பழக்கினார். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்டவர்களிடம், ஜீப்புக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது என்பார். இவருக்கோ காரைப் பற்றித் தெரியாத சங்கதி கிடையாது. ஓடுகிற காரின் சத்தத்தைக் கேட்டே என்ன வண்டி, என்ன கோளாறு என்பார், ஊர்ப்பட்ட புத்தகம் படித்தவர், அதைச் சொல்கிற குரலோ தேன். ஸ்டியரிங்கில் மட்டும் கை வைக்க மாட்டார். சேனல்காரர்கள் குரலைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள், ஓட்டத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கார் நிகழ்ச்சி நடத்துகிறவனிடம் யார் அதைக் கேட்பார்கள்? வீட்டுக்கு வந்து, பியூலா, மாட்டிக்கிட்டேன் என்றார். அவர் சட்டையை நான் போட்டுக்கொண்டது அப்படித்தான். உள்ளே உட்கார்ந்து பேசுகிற காட்சியெல்லாம் நிற்கிற வண்டியில் எடுத்தது. பரந்தாமன் பானெட்டில் உட்கார்ந்துகொள்வார், நான் பின்னாலிருந்து பம்பரைப் பிடித்து ஆட்டுவேன், மரநிழல் ஓடுகிற மாதிரி தெரிய வேண்டுமே, நடுநடுவே ஒரு வேப்பங்கொத்தைக் கண்ணாடிக்கு மேலே வீசுவேன். வெளியே ஓடுகிற காட்சி முழுக்க நான். முதல் வருடம் முழுவதும் ஒரு தப்பு நடந்தது, வண்டி நகராமல் இருக்க ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தோமே, அது படத்தில் பளிச்சென்று தெரிகிறது என்று மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒருத்தர் கார்டு போட்டார், ஐயா, மலைப்பாதையில் தாங்கள் எப்போதும் ஹேண்ட் பிரேக் போட்டுக்கொண்டே ஓட்டுவதன் நுட்பம் என்ன என்று. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்கப்புறம் சக்கரத்துக்குக் கீழே கல்லை வைத்தோம்.

வெளிக் காட்சி எடுக்கும்போது அவர் பார்க்க மாட்டார். பரந்தாமனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், நான் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவார். திரும்பும்போது முகத்தில் ரத்தமே இருக்காது. ராபின்சன் அத்தானைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார், கல்யாணமான புதிதில். அவருடைய கூடப்பிறந்த அண்ணன், அப்போது பதினெட்டு வயது, முதலாளி வீட்டு அம்பாசிடரைக் கேட்டு வாங்கிக்கொண்டு தம்பியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பார்வதிபுரம் தாண்டிக் கால்வாய்க் கரையில் நிறுத்தி, நீ இறங்கி நின்னு பாருல, அண்ணன் ஓட்டிட்டு வந்தா எப்படி இருக்குன்னு வெளிய நின்னு பாத்துச் சொல்லு என்றாராம். இவர் இறங்கி நின்றார். கார் தூரம் போய்த் திரும்பி வந்தது, அண்ணன் ஜன்னல் வழியே கை காட்டினார், அந்தக் கையைக் காட்டிக்கொண்டே காரோடு கால்வாய்க்குள் போனார். ஆள் வந்து தூக்குகிறவரை இவர் நின்ற இடத்திலேயே நின்றார், நகரவில்லை, கூப்பிடவில்லை. வீட்டில் கேட்டார்களாம், நீ ஏம்ல எறங்குன என்று. அவ்வளவுதான், அதைத் தவிர வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அது போதாதா ஒரு ஆயுளுக்கு. நான் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு வளைவில் வரும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற அந்தச் சட்டையில்லாத உருவத்தைத்தான் பார்ப்பேன், சட்டைதான் என் உடம்பில் இருக்கிறதே, பனியனோடு குறுகிப்போய், காதைப் பொத்திக்கொண்டு. ஊரே கொண்டாடிய நிகழ்ச்சியை அவர் கண்ணைக் கொண்டு பார்த்ததே இல்லை. ஒளிபரப்பாகும்போது கோயிலுக்குப் போய்விடுவார். பக்திமான் என்று பாஸ்டர் புகழ்ந்தார்.

இப்போது பார்க்கிறார். அதுதான் வேடிக்கை, வேடிக்கை என்ன வேடிக்கை, வயிற்றெரிச்சல். யாரோ புண்ணியவான் பழைய டேப்பையெல்லாம் யூடியூபில் ஏற்றிவிட்டான், காலையிலிருந்து மாலை வரை அதையே போட்டுப் போட்டுப் பார்க்கிறார். முதலில் நான் பயந்தேன், முகம் வெளுக்கவில்லை, காதைப் பொத்தவில்லை. ரசித்துப் பார்க்கிறார். கொஞ்ச நாள் கழித்து, இந்த வளைவுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் பியூலா என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் அவசரப்பட்டது என்று கேட்டேன். நான்தான் என்றார், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், எனக்கு மறதி வந்துவிட்டதென்று நினைத்திருப்பார். மகள் பெயர் போயிற்று, தெருப் பெயர் போயிற்று, போன மாதம் செத்துப்போன நண்பரை இன்னும் வரவில்லையா என்று கேட்கிறார். ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிற இடத்தில் இது ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது, கார் ஓட்டிய ஞாபகம். என் ஞாபகம். பஸ் இறங்கியது, கிளட்சில் கால் நடுங்கியது, எல்லாம் சொல்கிறார், நான் சொல்லித்தானே அவருக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது, இதோ இந்தக் கைதட்டலைக் கேட்கும்போது பொங்கிக்கொண்டு வருகிறது. நான் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தேன், பிள்ளை வளர்த்தேன், சமைத்தேன், அதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். கொல்லிமலையில் அந்த மழைநாளில் பத்மினியை ஏற்றியது நான் ஒருத்திதான். தெரிந்த சாட்சி பரந்தாமன், அவரும் போன தையில் போய்ச்சேர்ந்துவிட்டார். இவரும் மறந்த பிறகு, நான் ஓட்டினேன் என்பது எங்கே இருக்கிறது, என் மண்டைக்குள்ளே மட்டும்தான். இன்று சொல்லிவிட்டால் என்ன? தாரிணி பெண், ஆசையாகக் கேட்பாள். அந்த முழங்கை யாருடையது தெரியுமா என்று. வண்டியும் தடுக்கப்படும், ஊருக்கும் தெரியும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மூன்றாவதாக அவர் விழுவார்.

விளக்கு மாறுகிறது. எழுந்துவிட்டார்கள். நானும் எழுகிறேன், முழங்கால் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் இருங்கள், கொஞ்சம் இருங்கள் என்று யாரிடம் சொல்கிறேன், யாருக்கும் கேட்கவில்லை. வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. பத்மினியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள், முன்னால் எலுமிச்சம்பழம் வேறு. கேமரா இரண்டு, சுற்றிலும் பிள்ளைகள், ஒருத்தன் வண்டிக்கு நேர் முன்னால் தரையில் மண்டிபோட்டு எதையோ சரிசெய்கிறான், எழுந்திரு தம்பி, எழுந்திரு. தாரிணி சாவியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து இரண்டு கையாலும் நீட்டுகிறாள், கோயில் பிரசாதம் மாதிரி. அவர் வாங்கிக்கொள்கிறார். நான் வாயைத் திறக்க வேண்டும். முதல் வாக்கியம் எது, அவருக்கு உடம்பு சரியில்லை என்பதா, அவருக்கு ஓட்டத் தெரியாது என்பதா. அவர் சாவியைப் பார்க்கிறார். காரைப் பார்க்கிறார். கை நடுங்குகிறது. மெல்ல, பிறகு நன்றாகவே நடுங்குகிறது, சாவிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. முகம் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். புத்திதான் எல்லாவற்றையும் மறந்திருக்கிறது, உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை. ஏன் நடுங்குகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை, கையை ஏதோ அடுத்தவன் கையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். பிறகு தலையை நிமிர்த்தி யாரையோ தேடுகிறார். என்னைத் தேடுகிறார். கண்டதும் முகம் தெளிந்துவிட்டது.

“வேண்டாம்மா,” என்றார் தாரிணியிடம். “நான் ஓட்டல. என் வீட்டம்மா அதோ நிக்குதா பாருங்க, அவளுக்குக் கார்னா பயம். அவ பாக்கும்போது நான் ஓட்ட மாட்டேன். அவ அண்ணன் கார்ல போனவன், இவளை எறக்கிவிட்டு, நின்னு பாருன்னு சொல்லிட்டுத்தான் போனான். கையக் காட்டிட்டே கால்வாயில போய்ட்டான். சின்னப் பிள்ள, பாத்துட்டு நின்னா. பாவம், அவ என்ன செய்வா? எறங்கச் சொன்னான், எறங்கினா. அவ மேல என்ன தப்பு இருக்கு?”

எனக்கு அண்ணனே கிடையாது. நான் ஒற்றைப் பிள்ளை. அவ மேல என்ன தப்பு இருக்கு. இத்தனை வருடத்தில் இந்த ஒரு வாக்கியத்தை அவர் தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை, நான் எத்தனை தடவை சொல்லியும் காதில் போட்டுக்கொண்டதில்லை. எனக்கென்றதும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். சுமந்தது போதும் என்று என் தலையில் இறக்கி வைத்துவிட்டு லேசாக நிற்கிறார், கை நடுக்கம்கூட நின்றுவிட்டது. தாரிணி கண் கலங்கி என்னிடம் வந்தாள், மைக்கும் கூடவே வந்தது, கேமராவும் திரும்பியது. “அப்படியாம்மா? உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?” என்று கேட்டாள். என் பக்கம் கேமரா திரும்புவது இதுதான் முதல் தடவை, அதாவது முகத்துக்கு நேராக. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சொல்லு, பயப்படாம சொல்லு என்பதுபோல. சொல்லலாம். இப்போதுகூடச் சொல்லலாம். கொல்லிமலை, பஸ், மழை, முழங்கை, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது.

“தெரியாதும்மா,” என்றேன். “எனக்குச் சின்ன வயசுலேருந்தே பயம்.”

அதன் பிறகு எங்கள் காரை நான் எப்படி எடுப்பது? சேனல் டிரைவர் நாளைக்குக் கொண்டுவந்து விடுவார் என்று சொல்லி, எங்கள் இருவரையும் ஆபீஸ் காரில் பின்சீட்டில் ஏற்றி அனுப்பினார்கள். வெண்ணெய் நிறப் பத்மினிக்குள் தாரிணியே உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள், கியர் மாற்றத் தெரியாமல் மாற்றினாள், பல் அரைகிற சத்தம் கேட்டது. எனக்குப் பின்சீட்டு பழக்கமில்லை. முன்னால் போகிற வண்டி பிரேக் அடிக்கும்போதெல்லாம் என் வலது கால் தானாக மிதிக்கிறது, மிதிக்க ஒன்றுமில்லை. இவர் அதைப் பார்த்துவிட்டார். பயத்தில் கால் உதறுகிறது என்று நினைத்துக்கொண்டார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “ஒண்ணும் இல்ல பியூலா. நான் இருக்கேம்லா. கண்ண மூடிக்க, வீடு வந்ததும் சொல்லுதேன்,” என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன், பயந்தவள் அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அவர் கை சூடாக இருந்தது. வண்டி நின்று நின்று போயிற்று, மேம்பாலம் ஏறி இறங்கியது, மார்க்கெட்டின் கொத்தமல்லி வாசனை வந்தது, எங்கள் வளசரவாக்கம் வந்துவிட்டது. சார், எந்தத் தெரு என்று டிரைவர் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. டிரைவர் மறுபடியும் கேட்டார். என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது, இன்னும் இறுகியது, விரல் வலித்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. “பால் பூத் தாண்டி இடது பக்கம் தம்பி,” என்றேன். “திரும்பினதும் பள்ளம் இருக்கு, செகண்ட் கியருக்கு வந்துருங்க.”